வட்டத்தை நீட்ட முடியாது

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஆர்கேடியா என்று ஒரு சிற்றூர். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சாலையோரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு மரக்கட்டடம், பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி கூரையோடு நிற்கிறது. குறுக்களவு 60 அடி. 1898இல் வில்லியம் ஹாரிசன் ஓடர் என்ற விவசாயி கால்நடைகளுக்கும் வைக்கோலுக்கும் தானியத்துக்குமாகக் கட்டியது. 1988இல் அதன் கூரை இடிந்து உள்ளே விழுந்தது.

அந்த நேரத்தில் அதில் மாடு கிடையாது, வைக்கோலும் கிடையாது. யாருக்கும் அந்தக் கட்டடத்தால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் லூக் ராபிசன் என்ற ஓய்வுபெற்ற கட்டட ஒப்பந்தக்காரரும் அவரோடு சேர்ந்துகொண்ட சிலரும் அதைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர்கள். கூலி இல்லை. நன்கொடையாக வந்த பணத்தையும் சொந்த உழைப்பையும் வைத்து, ஓடர் எப்படிக் கட்டினாரோ ஏறக்குறைய அதே முறைகளில் கட்டி 1992இல் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

நான் அங்கே போனதில்லை. வளைந்த மரச்சட்டங்களின் பலத்தைப் பற்றி வேலை நிமித்தமாகத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தக் கட்டடம் கண்ணில் பட்டது. பட்டதிலிருந்து விட மாட்டேன் என்கிறது. என் கேள்வி இதுதான்: பயன் முடிந்துபோன ஒரு மாட்டுக்கொட்டகையைக் காப்பாற்றும் கடமை யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் அது யாருக்குப் பட்ட கடன்? செத்துப்போன ஓடருக்கா, மரக்கட்டைக்கா, இல்லை நமக்கேவா?

ஒரு சின்ன இடைச்செருகல். ‘பார்ன்’ என்பதற்குத் தமிழில் ஒரே சொல்லாகப் பிடிபட மாட்டேன் என்கிறது. களஞ்சியம் என்றால் நெல் மட்டும்தான் மனதில் வருகிறது. தொழுவம் என்றால் மாடு மட்டும். பனிக்காலத்தில் மாடு, குதிரை, வைக்கோல், தானியம், வண்டி எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் அடைத்துவைக்க வேண்டிய நாட்டுக்காரர்களின் கட்டடம் அது. நமக்கு அந்தத் தேவை இருந்ததில்லை, அதனால் சொல்லும் இல்லை. நான் கொட்டகை என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

ஏன் வட்டம்? ஆர்கேடியாவில் ஓடருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது சுழற்காற்று சுற்றித் திரியும் பூமி. வட்டமாகக் கட்டினால் காற்று மோதாமல் வழுக்கிப் போய்விடும் என்று அவர் நினைத்தார். பாதி சரி. தட்டையான சுவரைவிட உருளையின் மேல் காற்றின் தள்ளுவிசை குறைவுதான். ஆனால் சுழற்காற்று தள்ளுவதோடு நிற்காது, கூரையை மேலே உறிஞ்சித் தூக்கும். அதற்கு வட்டம் என்ன, சதுரம் என்ன. இருந்தாலும் 90 வருஷம் அந்தக் கூரை நின்றது. கடைசியில் அதை வீழ்த்தியது காற்றில்லை. கவனிக்க ஆளில்லாமல் போன முதுமை.

மற்ற இடங்களில் வட்டத்துக்குக் காரணம் கணக்கு. ஆர்கேடியாவின் அளவையே எடுத்துக்கொள்வோம். 60 அடி குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 2,827 சதுர அடி. சுவரின் நீளம் 188 அடி. அதே பரப்பைச் சதுரமாகக் கட்டினால் 213 அடி சுவர் வேண்டும். 30 அடி அகலத்தில் நீளவாக்கில் கட்டினால் 248 அடி. அதாவது வழக்கமான நீளக் கொட்டகையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட கால்வாசி சுவர் மிச்சம். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்திலேயே போட்டிருப்போம். ஆனால் மரம் வாங்கக் காசில்லாத விவசாயிக்கு அது தேர்வுக் கேள்வி இல்லை.

இதைப் பெரிய இயக்கமாகவே பரப்பியது அமெரிக்க விவசாயக் கல்லூரிகள்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எஃப். எச். கிங் 1889இல் நடுவில் தீவனக் கோபுரம் வைத்த வட்டக் கொட்டகையை வடிவமைத்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1907க்கும் 1913க்கும் இடையில் மூன்று வட்டப் பால்பண்ணைகள் கட்டினார்கள். அவை பரிசோதனைக்காக மட்டும் கட்டப்பட்டவை இல்லை, வந்து பார்க்கும் விவசாயிகளின் மனதை மாற்றுவதற்காகவும்தான். (இதே கிங்தான் பின்னாளில் சீனாவுக்கும் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போய், நாலாயிரம் வருஷமாக மண்ணைக் கெடுக்காமல் எப்படி விவசாயம் செய்கிறார்கள் என்று புத்தகம் எழுதியவர். புதுமையை விற்ற மனிதர் கடைசியில் பழமையிடம் பாடம் கேட்கப் போனது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.)

இவை எல்லாவற்றுக்கும் முன்னோடி மாசசூசெட்ஸில் ஹான்காக் என்ற இடத்தில் இருக்கிறது. 1826இல் ஷேக்கர்கள் என்ற கிறிஸ்துவப் பிரிவினர் கட்டிய கல் கொட்டகை. அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. வைக்கோல் வண்டி மண்மேட்டின் வழியாக மேல்தளத்துக்கே நேராக ஏறிவிடும். உள்ளே சுவரை ஒட்டி வட்டமாக ஓடும் பாதை. வண்டி அதில் சுற்றிக்கொண்டே வைக்கோலை நடுவிலுள்ள பெரிய குழிக்குள் தள்ளும். சுற்றி முடித்தால் வந்த வாசலுக்கே வந்துவிடும். குதிரையைப் பின்னால் நடக்க வைக்க வேண்டியதே இல்லை. குதிரை வண்டியை ரிவர்ஸ் எடுப்பது எவ்வளவு பாடு என்று ஓட்டியவருக்குத்தான் தெரியும். கீழ்த்தளத்தில் 52 மாடுகள், எல்லாம் மையத்தைப் பார்த்தபடி வட்டமாக நிற்கும். நடுவிலிருந்து வைக்கோலை இழுத்துப் போட்டால் எல்லா வாய்க்கும் ஒரே தூரம். சாணம் அதற்கும் கீழே இருக்கும் நிலவறைக்குள் விழும், அங்கிருந்து வண்டி வயலுக்கு அள்ளிக்கொண்டு போகும். மேலே புல், நடுவே மாடு, அடியில் எரு. பூமியின் ஈர்ப்பு விசையைக் கூலியில்லாத வேலைக்காரனாக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் தோற்றது? தோற்றதுதான். 1920களுக்குப் பிறகு வட்டக் கொட்டகை கட்டுவது அநேகமாக நின்றுபோனது. மின்சாரமும் டிராக்டரும் வந்த பிறகு வைக்கோலைச் சுமக்கும் தூரம் ஒரு பிரச்சினையாக இல்லை. வளைந்த சுவரும் வளைந்த கூரையும் கட்டத் தெரிந்த தச்சர்கள் அதிகம் கிடைக்கவில்லை. மிச்சமான மரத்தின் காசு கூலியில் போனது. இவை எல்லாம் பாடப்புத்தகக் காரணங்கள். என்னைத் தொட்ட காரணம் வேறு. நீளக் கொட்டகையில் மாடு பெருகினால் ஒரு முனையை உடைத்து இன்னும் நாலு கட்டு சேர்த்துக்கொள்ளலாம். வட்டத்தை நீட்ட முடியாது. அது கட்டி முடித்த நாளிலேயே முடிந்துவிட்டது. குறையே இல்லாத வடிவத்தில் அடுத்த வருஷத்துக்கு இடம் இருக்காது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வட்டக் கொட்டகை ஜெயித்திருந்தால் அமெரிக்கா முழுக்க லட்சக்கணக்கில் இருந்திருக்கும். ஆர்கேடியாவில் ஒன்று விழுந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அது தோற்றதால்தான் அபூர்வமானது, அபூர்வமானதால்தான் பாரம்பரியச் சின்னம் ஆனது. அப்படியென்றால் நாம் பாதுகாப்பது எதை? எண்ணிக்கைக் குறைவையா? அருமை என்பதற்கே தமிழில் அரிது என்றும் சிறப்பு என்றும் இரண்டு பொருள் இருப்பது இந்தக் குழப்பத்துக்கு இன்னும் உதவுகிறது.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், என் பிழைப்பே இதுதான். பழைய கட்டடங்களைப் பார்த்து நிலைமை அறிக்கை எழுதும் வேலை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்து முடித்த நாளிலிருந்து ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு கட்டத்தில் ரிப்பேர் பண்ண எவ்வளவு ரிங்கிட். அடுத்த கட்டத்தில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எவ்வளவு. அவ்வளவுதான். எந்தத் தொகை சிறியதோ அது நடக்கும்.

போன வருஷம் பேராக்கில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் மர ஸ்டோருக்கு அப்படி ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நிலம் கை மாறிவிட்டது. ரப்பர் போய் செம்பனை வந்து, அதுவும் போய் இப்போது வீடமைப்புத் திட்டம் வருகிறது. ஸ்டோர் வெறுமனே நின்றது. கீழ்ப்பலகைகளில் கரையான், மேலே தகரத்தில் ஓட்டை. ஆனால் கெட்டி மரத் தூண்கள் இன்னும் தட்டினால் மணி மாதிரி சத்தம் கொடுத்தன. அட்டவணையில் எந்தத் தொகை சிறியது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. “மூணாவது ஒரு கட்டம் போடலாமாண்ணே?” என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். “என்னன்னு போடுவ? கிளையண்ட் கேக்கறது ரெண்டு நம்பர் தம்பி. மூணாவது கட்டத்துல போட உன்கிட்ட நம்பர் இருக்கா?” என்றார். நல்ல மனிதர். கேள்வியும் நியாயமானது. என்னிடம் நம்பர் இல்லை.

நம்பர் இல்லாத அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தேடப் போய்த்தான் இந்தப் பழைய சண்டைகளை எல்லாம் படித்தேன். இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் இழுப்பது தீசியஸின் கப்பலை. பலகை பலகையாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பலா என்ற கேள்வி. உங்களில் பாதிப் பேர் அதில் ஒரு கட்டுரையாவது எழுதியிருப்பீர்கள். எனக்கு அந்தக் கேள்வி இந்த இடத்தில் உதவவில்லை. அது பொருளின் அடையாளத்தைக் கேட்கிறது, நான் கடமையைக் கேட்கிறேன். ஆர்கேடியா கொட்டகை அதே கொட்டகைதான் என்று நிரூபித்துவிட்டாலும், அதைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஜான் ரஸ்கின் இன்னும் நெருக்கமாக வருகிறார். 1849இல், முப்பது வயதில் அவர் எழுதிய கட்டடக்கலைப் புத்தகத்தில் புதுப்பித்தல் என்பதே ஒரு பொய், இடிப்பதைவிட மோசமான அழிவு என்று வாதிட்டார். செத்தவனை எழுப்ப முடியாது என்பது போலத்தான் அவருக்குப் பழைய கட்டடமும். பழுது வராமல் பார்த்துக்கொள், வந்துவிட்டால் தாங்கு கொடு, விழும்போது விழட்டும். அதோடு, பழைய கட்டடம் நம்முடையதே இல்லை, கட்டியவர்களுக்கும் இனி வருகிறவர்களுக்கும் சொந்தம் என்பார். அவருக்கு நேர் எதிரில் பிரான்சின் வியோலே லெ டுக். அவருக்குப் புதுப்பிப்பது என்றால் கட்டடத்தை முழுமையாக்குவது, அந்த முழுமை இதற்கு முன்னால் ஒருநாளும் இருந்ததில்லை என்றாலும் சரி. பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்துக்கு அவர் அப்படி ஒரு கோபுர ஊசியைச் செய்து வைத்தார். 2019 தீ விபத்தில் அது எரிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து, ஏதோ இடைக்காலமே எரிந்து விழுந்த மாதிரி உலகம் அழுதது. அது 19ஆம் நூற்றாண்டுச் சாமான். இப்போது அதே வடிவத்தில் திரும்பவும் வைத்தாயிற்று. நகல் எரிந்ததற்கு அழுது, நகலுக்கு நகல் செய்திருக்கிறோம். ரஸ்கின் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நான் ரஸ்கின் பக்கம் சாய்கிறவன்தான். ஆனால் ஹான்காக் கொட்டகை அவரை மறுக்கிறது. 1864 டிசம்பரில் அது தீப்பிடித்தது. உள்ளே இருந்த மரமெல்லாம் போனது, கல் சுவர் மட்டும் நின்றது. ஷேக்கர்கள் அதைப் புனிதச் சிதைவாக வைத்துக் கும்பிடவில்லை, பழையபடியே அச்சு எடுக்கவும் இல்லை. மாடுகளுக்குக் கூரை வேண்டும், கட்டினார்கள். பிறகு வெளிச்சமும் காற்றும் போதவில்லை என்று தோன்றியதும், பழைய கூம்புக் கூரைக்குப் பதிலாக மேலே ஜன்னல்கள் வைத்த பன்னிரண்டு பக்க மாடம் ஒன்றைத் தூக்கி வைத்தார்கள். இன்று பார்வையாளர்கள் படம் எடுக்கும் அந்த அழகான உருவம் 1826இன் உருவமே இல்லை. கட்டியவர்களே கட்டடத்தை மாற்றினார்கள் என்றால், எந்த வருஷத்துக் கட்டடத்துக்கு நாம் விசுவாசமாக இருப்பது?

ஷேக்கர்களின் கதையில் இன்னொரு முடிச்சு. அவர்கள் பிரம்மச்சாரிகள். ஆண்களும் பெண்களும் ஒரே குடியிருப்பில் வாழ்ந்தாலும் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. புதிதாக வந்து சேர்கிறவர்களை நம்பித்தான் சமூகம் ஓடியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். ஹான்காக் குடியிருப்பு 1960இல் மூடப்பட்டது. அந்த வருஷமே அது அருங்காட்சியகமாகக் கை மாறியது. 1968இல் வட்டக் கொட்டகையைச் சீரமைத்தார்கள். ஆகவே இது வாரிசே இல்லாத சொத்து. பொதுவாகப் பாரம்பரியம் என்று பேசும்போது ‘நம் முன்னோர்’ என்று ஆரம்பிப்போம். அந்தச் சொல் இங்கே செல்லாது. ஷேக்கர்கள் யாருக்கும் முன்னோர் இல்லை. அவர்கள் தங்கள் மாட்டுக்கொட்டகையைக் காப்பாற்றச் சொல்லி யாரிடமும் கேட்கவும் இல்லை. வேலைக்கு ஆகாததைச் சுமப்பது அவர்கள் வாழ்ந்த எளிமைக்கே முரண் என்றுகூட வாதிடலாம்.

கடமை இரத்தத்தால் வரவில்லை, செத்தவர்களின் விருப்பத்தாலும் வரவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது?

ஜப்பான் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஈசே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. மரம் புதிது, கை பழையது. இருபது வருஷம் என்பது ஒரு தச்சன் முதல் முறை உதவியாளாகவும் அடுத்த முறை தலைமையாளாகவும் வேலை செய்யப் போதுமான இடைவெளி. அங்கே பாதுகாக்கப்படுவது கட்டத் தெரிந்திருப்பது. கட்டடம் அதற்கு ஒரு சாக்கு.

ஆர்கேடியாவிலும் இதன் ஒரு துளி நடந்திருக்கிறது. அந்தக் கூரையின் வளைவு சாதாரண விஷயமில்லை. ஓடர் பச்சை ஓக் பலகைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரமாக இருக்கும்போதே ஓர் அச்சில் வைத்து வளைத்துக் காயவிட்டு, அப்படித்தான் ஒவ்வொரு சட்டமாகச் செய்தார். காய்ந்த மரம் வளையாது, உடையும். பச்சை மரத்தை அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளும். தவிர, இப்படிக் கவிந்த கூரை தன் எடையைக் கீழே மட்டும் இறக்காது, காலடியில் வெளிப்பக்கமாகவும் தள்ளும். பீப்பாய்க்கு இரும்பு வளையம் மாதிரி சுவரின் தலையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க ஒன்று வேண்டும். அது தளர்ந்தால் நடுவில் தூண் இல்லாத கூரைக்குக் கதி இல்லை. இதெல்லாம் நான் சூத்திரமாக எழுதிக் காட்ட முடியும். ஒரு பலகை எத்தனை நாள் ஊறினால் எவ்வளவு வளையும் என்று என் கைக்குத் தெரியாது. ராபிசனோடு வேலை செய்தவர்களின் கைக்கு மறுபடியும் தெரிய வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அந்த அறிவு மனித உடம்புக்குள் திரும்பியது.

அப்படியென்றால் புதிதாக ஒன்று கட்டினாலே போதுமே, பழைய மரம் எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன். விடை எனக்கு இன்னொரு கொட்டகையிலிருந்து கிடைத்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1790களில் தன் பண்ணையில் பதினாறு பக்கக் கொட்டகை ஒன்றை வடிவமைத்தார். கிட்டத்தட்ட வட்டம்தான். மேல்தளத்தில் கோதுமைக் கதிரைப் பரப்பிக் குதிரைகளைச் சுற்றி நடக்கவிடுவார்கள். பலகைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி வழியாக மணி மட்டும் கீழே விழும். நம்மூர் போரடிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரி. கட்டியது அவர் அடிமையாக வைத்திருந்த தச்சர்கள். அந்தக் கொட்டகை எப்போதோ அழிந்துவிட்டது. 1990களில் அவருடைய வரைபடத்தையும் கிடைத்த ஆதாரங்களையும் வைத்து மவுண்ட் வெர்னனில் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள், கையால் செதுக்கிய மரத்தில், கவனமாக.

அருமையான வேலை. ஆனால் அந்தக் கட்டடத்தில் நமக்கு ஏற்கனவே தெரிந்தது மட்டும்தான் இருக்கும். வாஷிங்டனின் தாள் என்ன சொன்னதோ அது இருக்கும். அந்தத் தச்சர்கள் தாளில் இல்லாமல் என்ன செய்தார்கள் என்பது இருக்காது. எந்த மூட்டில் யாருடைய உளி தவறியது, எந்தப் பலகையில் யார் கணக்குப் போட்டுப் பார்த்தார், எங்கே அவர் முதலாளியின் வரைபடத்தைவிடத் தன் யோசனை நல்லது என்று நினைத்து மாற்றினார் என்பது எதுவும் இருக்காது. எழுதத் தெரிந்தவர்கள் தாளில் மிஞ்சுகிறார்கள். மற்றவர்கள் மரத்தில்தான் மிஞ்ச முடியும். அந்த மரம் போனால் அவர்கள் இரண்டாவது முறையும் போகிறார்கள்.

நகலிடம் நாம் கேள்வி கேட்டால் அது நம் பதிலையே திருப்பிச் சொல்லும். அசலுக்கு மட்டும்தான் நம்மை மறுக்கத் தெரியும். மரத்தின் வளையங்களை எண்ணி அது எந்த வருஷம் வெட்டப்பட்டது என்று கண்டுபிடிக்கும் முறை ஓடரின் காலத்தில் இல்லை. 1898இல் ஒரு சட்டத்தை ‘பழசு’ என்று விறகாக்கியிருந்தால், அந்தக் கேள்வி பிறக்கும் முன்பே பதில் எரிந்திருக்கும். நம் பேரப்பிள்ளைகள் மரத்திடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்பதற்கு நம்மிடம் பட்டியல் கிடையாது. கடமை அவர்களுக்குத்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. கட்டியவருக்கு மரியாதை செலுத்துவது நல்ல பழக்கம், ஆனால் அவருக்கு நாம் கடன்பட்டிருப்பதாகச் சொல்ல முடியவில்லை. நம்மைவிட நல்ல கேள்வி கேட்கப்போகிறவர்களிடமிருந்து பதிலைத் திருடாமல் இருப்பது வேறு விஷயம்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “அப்படிப் பார்த்தா ஒரு ஆணியைக்கூட வீச முடியாதுடா. அந்தக் காசுல எத்தனை பேருக்கு வீடு கட்டலாம்?” உண்மைதான். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொள்வது எது என்று தீர்மானிக்கிறவர் கையில் அதிகாரம் இருக்கிறது. ஆர்கேடியாவையே பாருங்கள். அந்த நிலம் கிரீக், செமினோல் பூர்வகுடிகளிடமிருந்து உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1866 ஒப்பந்தங்களில் வாங்கப்பட்டது. 1889 ஏப்ரல் 22ஆம் தேதி நண்பகலில் வெடிச்சத்தம் கேட்டதும் ஆயிரக்கணக்கான வெள்ளைக் குடியேறிகள் குதிரையில் ஓடிப்போய் ஆளுக்கொரு துண்டு பிடித்துக்கொண்ட பூமி. ஒன்பது வருஷம் கழித்துக் கட்டிய கொட்டகை இன்று ‘வரலாறு’ என்று பெயர்ப்பலகையோடு நிற்கிறது. அதற்கு முன்னால் அங்கே இருந்த வாழ்க்கைக்குக் கூரை இல்லை, அதனால் புதுப்பிக்கவும் ஒன்றும் இல்லை. பாதுகாப்பு இயக்கங்கள் பெரும்பாலும் கட்டியவர்களின் பக்கம்தான் நிற்கும். இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. கொட்டகையை இடித்தால் கிரீக் மக்களுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியவில்லை.

காசு என்ற வாதத்துக்கு மட்டும் ஒரு நடைமுறைப் பதில் உண்டு. 1933இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, அமெரிக்க அரசு வேலையில்லாத கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரையச் சொன்னது. மாளிகைகளோடு கொட்டகைகளையும் பாலங்களையும் சேர்த்து. அப்படி வரையப்பட்டவற்றில் எத்தனையோ பிறகு இடிந்து போயின, தாள் இருக்கிறது. தாள் மரம் ஆகாது என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் இடிக்கும் முன் ஒருவர் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு மூட்டையும் பார்த்தாக வேண்டும் என்பது ஒரு குறைந்தபட்ச மரியாதை. 2006இல் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் போக் ஹவுஸ் மாளிகை இடிக்கப்பட்டபோது இங்கே பெரிய சத்தம் எழுந்தது. மாளிகைக்குச் சத்தம் எழும். தோட்டத்து ஸ்டோருக்கு யார் ஏணி போடுவார்கள்?

நான் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் நம்பர் எழுதவில்லை. ‘இடிக்கும் முன் அளந்து வரைய வேண்டும், இரண்டு நாள்’ என்று எழுதினேன். மேலதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள்தானே, போ” என்று கையெழுத்துப் போட்டார். நில உரிமையாளருக்கும் ஆட்சேபணை இல்லை. அவருக்கு இரண்டு நாளில் ஒன்றும் குறையாது.

பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து இரண்டு நாளும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். சின்ன வயதில் அங்கே பால் நிறுக்க வாளியோடு வரிசையில் நின்றவராம். “இடிக்கப் போறத எதுக்கு தம்பி அளக்கறீங்க?” என்று கேட்டார். “சும்மாதான் ஐயா, ஞாபகத்துக்கு” என்றேன். அதைவிட நல்ல பதில் அந்த நேரத்தில் வரவில்லை. “ஞாபகத்துக்கா,” என்று சொல்லிவிட்டு டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் தூண்களின் தலைப்பக்கம், உத்திரம் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, உளியால் கொத்திய கோடுகள் இருப்பதைப் பார்த்தேன். முதலில் கரையான் தடம் என்று நினைத்தேன். டார்ச் அடித்துத் துடைத்தால் ரோமன் எண்கள். அதே எண் அந்தந்தத் தூணின் மேலிருக்கும் உத்திரத்திலும் இருந்தது. எந்தத் தூணுக்கு எந்த உத்திரம் என்று தெரிய வேண்டுமென்றால்தான் அப்படி எண் போடுவார்கள். இந்தக் கட்டடம் வேறெங்கோ நின்று, பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடி எழுப்பப்பட்டதாக இருக்கலாம். தோட்டத்து ஆவணங்களில் அப்படி ஒரு வரி இல்லை. பெரியவரும் கேள்விப்பட்டதில்லை என்றார்.

ஸ்டோர் போன மார்ச்சில் இடிக்கப்பட்டது. என்னிடம் பதினோரு தாள்கள் இருக்கின்றன. ஏழாவது தாளில் தூண்களின் எண்களை வரிசையாகக் குறித்திருக்கிறேன். அவை ஐந்தில் ஆரம்பித்து இருபத்தெட்டில் முடிகின்றன. ஒன்றிலிருந்து நான்கு வரை இல்லை.